'மீதிங்க்ஸ்' எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியரில் 'மீதிங்க்ஸ்' என்று வருகிறதே, 'ஐ திங்க்' என்பதைத்தான் தப்பாக எழுதிவிட்டார்களா?

பதில்: தப்பே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஒலியில் நெருங்கிய இரண்டு வினைகள் இருந்தன. 'தென்ச்சன்' என்றால் நினைப்பது; 'த்யுன்ச்சன்' என்றால் தோன்றுவது. 'மீதிங்க்ஸ்' இரண்டாவதன் வாரிசு. அதில் உள்ள 'மீ'க்கு 'எனக்கு' என்று பொருள். ஆக மொத்தம், 'எனக்குத் தோன்றுகிறது'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்' படர்க்கை விகுதி. 'நான்' எழுவாயாக இருந்தால் அது வந்திருக்காது.

பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ஒரு நல்ல இடம் உண்டு. அரசன் டிராகனோடு தனியாகப் போராடுகிறான். கூட வந்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். விக்லாஃப் மட்டும் 'நே த்யுன்ச்செத் மே யெரிஸ்னெ' என்கிறான். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நாம் வீடு திரும்புவது முறையாக எனக்குத் தோன்றவில்லை என்று பொருள். அந்தக் கையெழுத்துப் பிரதிக்கு ஏறக்குறைய ஆயிரம் வயது.

பிற்பாடு இரண்டு வினைகளின் ஒலியும் ஒன்றாகிப்போனது. 'நினை' ஜெயித்தது, 'தோன்று' இந்த ஒரு சொல்லில் உறைந்து நின்றுவிட்டது. ஜெர்மனில் டெங்கன், ட்யூங்கன் என்று இரண்டும் இன்னும் தனித்தனியாக உள்ளன. ஆனால் பின்னது அங்கேயும் ஏட்டு வழக்குதான்.

கேள்வி: இறந்தகாலம்?

பதில்: மீதாட்.

கேள்வி: 'திங்க்' நம் 'எண்ணு'விலிருந்து வந்ததுதானே?

பதில்: இல்லை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்லாதீர்கள். பழைய வடிவம், அது பதிவான காலம், இடையில் வந்த படிகள், இந்த மூன்றும் வேண்டும். 'கட்டமரான்', 'மலிகட்டானி' இரண்டுக்கும் அவை உண்டு. அதனால்தான் கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் உரிமையோடு உட்கார்ந்திருக்கின்றன.

கேள்வி: 'தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்'. அந்தப் பெண் ஏன் அவ்வளவு மறுக்கிறாள்?

பதில்: மறுக்கவில்லை, சத்தியம் செய்கிறாள். அந்தக் காலத்து 'ப்ரொடெஸ்ட்'டுக்கு உறுதி கூறுவது என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் நாடகத்துக்குள் ஒரு நாடகம் நடக்கிறது. அதில் வரும் ராணி, கணவன் செத்தால் மறுமணமே செய்யமாட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் கெர்ட்ரூட், கணவன் இறந்த கையோடு கொழுந்தனை மணந்தவள், சொல்லும் வரி இது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 'மீதிங்க்ஸ்'ஸை வரியின் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். மூலத்தில் அது கடைசியில்தான் இருக்கிறது.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் போடலாமா?

பதில்: வேண்டாம். இன்று அது கிண்டலுக்கு மட்டும்.

கேள்வி: 'எண்ணு' பற்றிய பதிலை ஏற்க முடியவில்லை. 'எனக்கு' என்று தொடங்கும் அமைப்பே தமிழ் அமைப்பு அல்லவா?

பதில்: சரி, இது கொஞ்சம் நல்ல கேள்வி. ஆனால் லத்தீனில் 'மிஹி விடேத்துர்', ரஷ்ய மொழியில் 'ம்னே காஷெத்சா', இந்தியில் 'முஜே லக்தா ஹை', எல்லாமே 'எனக்குத் தோன்றுகிறது'தான். தோன்றுவதும் பிடிப்பதும் நாம் செய்கிற வேலை இல்லை, நமக்கு நேர்வது. பல மொழிகள் இதைத் தனித்தனியாகவே கண்டுகொண்டன. ஆங்கிலத்தில் 'லைக்' கூட அப்படித்தான் இருந்தது. ஹாம்லெட்டிலேயே அரசன் கிளாடியஸ் 'இட் லைக்ஸ் அஸ் வெல்' என்கிறான்: எங்களுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. காலப்போக்கில் 'ஐ லைக்' நிலைத்து 'நான்' முன்னால் ஏறிக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் 'தோன்று'தான் 'த்யுன்ச்சன்' ஆனதோ? இரண்டிலும் த, ன இருக்கிறதே!

பதில்: மூன்றாவது பதிலைத் திரும்பப் படிக்கவும்.

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு எந்த ஆப் நல்லது?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: 'க்வோத்' என்பதும் 'கோட்' என்பதும் ஒன்றா?

பதில்: உறவே இல்லை. 'கோட்' லத்தீன் வழி வந்தது. முதலில் அத்தியாயங்களுக்கு எண் இடுவதைக் குறித்தது. 'க்வோத்' சுத்தமான பழைய ஆங்கிலம், 'சொன்னான்' என்று பொருள். உயில் எழுதிக் கொடுப்பதைச் சொல்லும் 'பிக்வீத்' அதன் சொந்தக்காரன்.

கேள்வி: 'எண்ணு' விஷயத்தில் கடைசியாக ஒன்று...

பதில்: மூன்றாவது பதில்.