அசைன்மென்ட் மட்டும்தானே?

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை டவுண்ல ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்றனான், இடைக்கிடை வெளிநாட்டு ஓடரும் வரும். புது லெப்டொப் வாங்க 4 லட்சம் சேர்த்து வச்சிருக்கன். 2024ல அப்பிள் மெக்புக்குக்கு எம்4 சிப் வரட்டும் எண்டு இருந்தன், அது வந்தாப் பிறகு எம்5 வரட்டும் எண்டு விட்டன், அதுவும் 2025 ஒக்டோபர்ல வந்திட்டு. இப்ப அதுக்கும் அடுத்ததைப் பற்றிக் கதைக்கிறாங்க, விண்டோஸ் பக்கமும் புதுப்புது சிப் வருதாம். இப்ப வாங்கினா கொஞ்ச நாள்லயே பழசாயிடுமோ எண்டு பயம். அதுவரைக்கும் தங்கச்சிட லெப்டொப்ல சமாளிக்கிறன், மாமா கனடாவில இருந்து வரேக்க அவக்குக் கொண்டு வந்து குடுத்தது. அவக்கு அசைன்மென்ட் மட்டும்தானே, போன்லயே அடிச்சிடுவா. வாங்கவா, பொறுக்கவா?
– வாசகர், உவர்மலை

பதில்:

தம்பி, வாங்கவா பொறுக்கவா எண்டு கேட்டு வாற கடிதம் எனக்குப் புதுசில்லை. போனுக்கு எழுதுவாங்க, மோட்டார் சைக்கிளுக்கு எழுதுவாங்க, ஒரு ஆள் மேல்வீடு இப்ப கட்டவா சீமெந்து விலை இறங்கட்டுமா எண்டு வருசாவருசம் எழுதுறார், சீமெந்தும் இறங்கேல்ல அவரும் கட்டேல்ல. அதால சிப் பற்றி நீங்க எழுதினதையெல்லாம் விறுவிறெண்டு தாண்டிப் போயிட்டன். போய் நிண்டது கடைசியில, போறபோக்கில ஒண்டு எழுதினீங்களே, அந்த இடத்தில.

"அசைன்மென்ட் மட்டும்தானே."

இந்த மட்டும்தானே எங்க இருந்து வந்தது? அவ வாயால சொன்னதா, இல்லாட்டி நீங்களா முடிவெடுத்ததா?

ஒருக்கா நீங்களே செய்து பாருங்க. போன்ல வேர்டைத் திறந்து நாலு நிரல் இருக்கிற ஒரு அட்டவணை போடுங்க. கீபோர்ட் வந்து ஸ்கிரீன்ல பாதியை மூடிடும், மிச்சப் பாதியில அட்டவணை வலப்பக்கமா ஓடிப்போய் நிக்கும், ஒரு பெட்டியில விரலை வச்சா பக்கத்துப் பெட்டி திறக்கும். பிடிஎஃப்ல இருக்கிறதைப் பாத்து எழுத வேணுமெண்டா அங்க போய் ரெண்டு வரியை மனசில வச்சுக்கொண்டு இங்க வந்து அடிக்க வேணும், திரும்பிப் போனா பிடிஎஃப் முதல் பக்கத்தில போய் நிண்டுகொண்டிருக்கும். எல்லாம் முடிச்சு கூட்டாளிட லெப்டொப்ல திறந்து பாத்தா படமெல்லாம் அடுத்த பக்கத்துக்குப் பாய்ஞ்சிருக்கும். இதை இரவு பதினொண்டேமுக்காலுக்கு, பன்னிரண்டு மணிக்கு அப்லோட் பூட்டுப்பட்டிடும் எண்டிருக்கேக்க செய்யிறதுதான் நீங்க சொல்ற "அடிச்சிடுவா".

அவ என்ன படிக்கிறா எண்டுகூட நீங்க எழுதேல்ல. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில இருக்கிற கம்பஸுக்குப் போறாவோ, வேற எங்கயுமோ, எனக்குத் தெரியாது. கம்பியூட்டர் சம்பந்தமான படிப்பெண்டா நீங்க செய்யிறது சாப்பாட்டுக் கோப்பையைப் பறிச்சுப்போட்டு மணத்தைப் பிடிச்சுக்கொள்ளு எண்டு சொல்ற வேலை.

எடிட் வேலை எப்பிடி எண்டு எனக்கும் கொஞ்சம் தெரியும் தம்பி. பகல் முழுக்க வெட்டி ஒட்டுவீங்க, இரவில முடிஞ்ச வீடியோவை ஃபைலா எடுக்க எக்ஸ்போட் போட்டிட்டுப் படுப்பீங்க, அது விடியுமட்டும் ஃபான் சத்தத்தோட ஓடிக்கொண்டிருக்கும். அப்ப பகல்லயும் அவக்கு அது இல்லை, இரவிலயும் இல்லை. சமாளிக்கிறன் எண்டு நீங்க எழுதியிருக்கிறீங்க, உங்களுக்கு மெஷின் கையில இருக்கு, வேலை நடக்குது, காசு வருது, நீங்க எதைச் சமாளிக்கிறீங்க? சமாளிக்கிறது அவ.

இப்ப காசுக்கு வாறன். 4 லட்சம் சேர்த்திருக்கிறன் எண்டு சொல்றீங்க, நல்ல விசயம், இந்தக் காலத்தில ஸ்டூடியோ வேலை செய்து அவ்வளவு மிச்சம் பிடிக்கிறது லேசில்லை. ஆனா அந்தக் காசு எந்த மெஷின்ல உழைச்சது? எம்4 வரட்டும் எண்டு பாத்த நாள்ல இருந்து நீங்க எடிட் பண்ணின ஒவ்வொரு தாலிகட்டும், நிலாவெளிக் கடற்கரையில எடுத்த ஒவ்வொரு பிரீஷூட்டும் தங்கச்சிட லெப்டொப்லதான் போயிருக்கு. மாமா அதை உங்களுக்குத் தரேல்ல, வீட்டுக்கும் தரேல்ல, அவட படிப்புக்கெண்டு அவட கையில குடுத்தவர். வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்திருந்தா மாசாமாசம் காசு கட்டியிருப்பீங்க. தங்கச்சி எண்டபடியா ஒரு சதம் கட்டேல்ல, கேட்டும் இருக்க மாட்டீங்க.

வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லயே எண்டு நினைப்பீங்க. சொல்ல மாட்டாங்க. அம்மா "அண்ணன் உழைக்கிறான், நீ கொஞ்சம் பொறு" எண்டு சொல்லியிருப்பா, அவவும் சரியம்மா எண்டிருப்பா, எங்கட வீடுகள்ல இது ஆயிரம் தரம் நடந்த கதை. பெடியன் செய்தா அது வேலை, பெட்டை செய்தா அது மட்டும்தானே. எனக்கு இதில ஈவிரக்கம் கிடையாது, மூத்த பிள்ளைக்கு வீட்டில ஒரு இடம் இருக்கெண்டா அது இளையதுகளுக்கு வாங்கிக் குடுக்கிறதால வாறது, அதுகளிட்ட இருக்கிறதை வாங்கிப் பாவிக்கிறதால இல்லை. பழைய ஆள் மாதிரிக் கதைக்கிறன் எண்டா கதைக்கிறன், இருக்கட்டும்.

சரி, கேட்ட கேள்விக்கும் மறுமொழி சொல்ல வேணும்தானே.

எம்1 2020 நவம்பர்ல வந்தது, எம்2 2022 ஜூன்ல, எம்3 2023 ஒக்டோபர்ல, மிச்சம் ரெண்டும் நீங்களே எழுதிட்டீங்க. இது நிக்காது. அலை ஓய்ஞ்சாப் பிறகு தலை முழுகலாம் எண்டு டச்சு பே கரையில நிக்கிற ஆளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? புதுசு வந்தா பழசு வேலை செய்யாமப் போறதில்லை, எம்1 வச்சிருக்கிற ஆக்கள் இண்டைக்கும் அதில ஃபோர்கே வீடியோ வெட்டுறாங்கள். நீங்க எதிர்பாத்துக்கொண்டிருக்கிற சிப்பு கலியாணப் பொம்பிளையை வடிவாக் காட்டப் போறதில்லை, எக்ஸ்போட் கொஞ்சம் கெதியா முடியும், அவ்வளவுதான்.

பொறுத்தா விலை இறங்கும் எண்டது அமெரிக்காக்காரனுக்குச் சரியா இருக்கலாம். எங்களுக்கு வாற சாமான் எல்லாம் டொலர்ல வருது. 2022 மார்ச் துவக்கத்தில டொலர் 200 ரூபா அளவில நிண்டது, மே மாசத்தில 360ஐத் தொட்டது. அடுத்த மாசம் வாங்குவம் எண்டு அண்டைக்கு இருந்த ஆக்கள் என்ன பாடு பட்டாங்கள் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 ஜனவரியில வற் வரியும் 15ல இருந்து 18 வீதமாப் போனது. இதுக்கு மேல 2025 கடைசியில இருந்து ராம் எண்ட மெமரிச் சிப்பிட விலை உலகம் முழுக்க ஏறத் துவங்கிட்டு, ஏஐக்குக் கட்டுற டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகுது, மைக்ரோன் கொம்பனி குருஷியல் எண்ட பேர்ல எங்கள மாதிரி ஆக்களுக்கு வித்த ராமையும் எஸ்எஸ்டியையும் நிப்பாட்டப் போறம் எண்டு அந்த டிசம்பர்ல அறிவிச்சிட்டாங்கள். இப்பிடி இருக்கேக்க பொறுக்கிறதில லாபம் எங்க இருக்கு?

அதால வாங்குங்க. இந்த மாசமே வாங்குங்க. வீடியோ வேலைக்கு 16 ஜிபி ராமுக்குக் குறைஞ்சு தொடவே வேண்டாம், விண்டோஸ் எண்டா 32 போடக்கூடியதாப் பாருங்க. மெல்லிசான மொடல் கனக்கவற்றில ராமை போர்ட்டோடயே ஒட்டிடுவாங்கள், பிறகு கூட்டேலாது, ராம் கூட்டிப் போட ஸ்லொட் இருக்கா எண்டு கடையில வாயால கேட்டா "ஓம் ஓம்" எண்டுதான் சொல்லுவாங்கள், மொடல் நம்பரைப் போட்டு நீங்களே தேடிப் பாருங்க. மெக்புக்ல அந்தக் கேள்விக்கே இடமில்லை, வாங்கேக்க எவ்வளவோ கடைசிமட்டும் அவ்வளவுதான். அதே நேரம் ஃபைல் வைக்க உள்ளுக்க ஒரு டிபி டிஸ்க் வேணும் எண்டு காசைக் கொட்டாதீங்க, 512 ஜிபியோட எடுத்துப்போட்டு முடிஞ்ச கல்யாணத்தையெல்லாம் வெளி டிரைவில போடுங்க. கொழும்புக்கு இரவு ரெயின் ஏறி கம்பியூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில ஒரு சுத்துச் சுத்தினா விலை விளங்கும், ஆனா ஒரு பிழை எண்டா திரும்ப அங்கதான் கொண்டு ஓட வேணும், கொஞ்சம் கூடக் குடுத்தாலும் ஊர்க் கடையில வாரண்டியோட எடுக்கலாமெண்டா அதைத்தான் நான் செய்வன்.

ஆனா 4 லட்சத்தையும் உங்கட லெப்டொப்பில போடாதீங்க. இதுதான் நான் சொல்ல வந்தது. 3 லட்சத்து சொச்சத்துக்குள்ள உங்கட வேலைக்குக் காணக்கூடியதாப் பாருங்க, மிச்சம் தங்கச்சிட மெஷினுக்கு. விடிய விடிய சூட்டில, சார்ஜரும் கழட்டாமல் ஓடின பற்றரி இப்ப என்ன நிலையில இருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும், சூடும் முழுச் சார்ஜும்தான் லித்தியம் பற்றரியைக் கெதியாத் திங்கிறது. புதுப் பற்றரி போடுங்க. கழட்டித் துப்பரவாக்கக் குடுங்க, எங்கட ஊர் உப்புக்காத்தில அந்த ஃபான் என்னென்னத்தை இழுத்து வச்சிருக்கோ. அதில ஓடுறது இன்னும் விண்டோஸ் 10 எண்டா அதுக்கு மைக்ரோசொஃப்ட் குடுத்த வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11க்கு ஏத்தலாமா எண்டு பாருங்க. உள்ளுக்க இருக்கிறது இன்டெல் சிப் எண்டா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதுக்குப் பிறகும்தான் ஏத்துக்கொள்ளும். ஏலாத மெஷின் எண்டா சும்மா பற்றரிக்குச் செலவழிச்சு அவவை ஏமாத்தாதீங்க. உங்களுக்கு ஒரு படி குறைச்சு எடுத்துப்போட்டு அவக்கும் ஒண்டு பாருங்க, அவட வேலைக்கு நல்லதா ஒரு பாவிச்ச லெப்டொப் காணும். கை கடிக்கும்தான், கடிக்கட்டும்.

திருப்பிக் குடுக்க முதல் உங்கட புரொஜெக்ட், புட்டேஜ், லொகின் எல்லாத்தையும் கழட்டுங்க. பாதி டிஸ்க்கை உங்கட கல்யாணங்களால நிரப்பி வச்சுக்கொண்டு "இந்தா உன்ட லெப்டொப்" எண்டு நீட்டுறது குடுத்ததில சேராது. குடுத்தாப் பிறகு "அண்ணாக்கு ஒரு சின்ன எக்ஸ்போட்" எண்டு திரும்பப் போய் நிக்கவும் கூடாது.

எந்த மொடல் பாத்திருக்கிறீங்க எண்டு எழுதி அனுப்புங்க, சரியா பிழையா எண்டு சொல்றன். அதோட தங்கச்சிக்கு அடுத்த பரீட்சை எத்தினையாம் திகதி எண்டும் எழுதுங்க. எம்5 வந்த மாசம் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இது தெரியுமா எண்டு எனக்குச் சந்தேகமா இருக்கு.