பாய் விரிக்கிற அளவு தரை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். சுங்கை சிப்புட் வீட்டில் அம்மாவைத் தனியாக விட மனம் வரவில்லை. அம்மாவுக்கு 67 வயது, முட்டி வலி வேறு. அடுத்த மாதம் கோலாலம்பூர் செந்தூலில் நான் வாங்கியிருக்கும் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். 12ஆவது மாடி, 480 சதுர அடி. ஓர் அறை, ஒரு கூடம், கூடத்தோடு ஒட்டிய சமையல் மேடை. கேஸ் அடுப்புக்கு நிர்வாகம் அனுமதிப்பதில்லை. மடக்குக் கட்டில், சோபா கட்டில், சுவரோடு சாயும் மேசை என்று காணொளிகள் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன்.

அம்மாவோ கண்ணாடி அலமாரி, பித்தளைச் சாமான், ஆட்டுக்கல் எதையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார். "இதெல்லாம் வேணாம்னா என்னையும் இங்கயே விட்டுட்டுப் போ" என்று சொல்லி அழுதார். எதை வாங்குவது, எதை விடுவது? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, செந்தூல்

*

அன்புத் தங்கைக்கு,

இன்னும் எதையும் வாங்காதீர்கள். சாவி கைக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த வெறும் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பாய், ஓர் அளவு நாடா, ஒரு கட்டுப் பழைய பேப்பர், வழியில் வாங்கிய நாசி லெமாக் இவை போதும். அம்மா உட்கார முட்டுக்கு இதமாக ஒரு நாற்காலியும் எடுத்துப் போங்கள். முதலில் இருவரும் சாப்பிடுங்கள். அதன் பிறகு பேப்பரைத் தரையில் விரித்து ஒவ்வொரு பொருளுக்கும் அதன் அளவில் இடம் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடி அலமாரி ஆறடி நீளம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது சதுர அடிதானே என்று தோன்றும். அதன் கதவைத் திறக்கவும் முன்னால் நின்று எடுக்கவும் இன்னும் இரண்டடி வேண்டும். அதுவும் சேர்த்தால் இருபத்தோரு சதுர அடி. ஐஸ்பெட்டிக் கதவு, துணி இயந்திரத்தின் மூடி, கட்டிலுக்கு அடியில் இழுக்கும் டிராயர் எல்லாமே இப்படித்தான். கடையில் ஒட்டியிருக்கும் அளவில் இந்த இடம் வராது. பேப்பரை விரித்து அதைச் சுற்றி நடந்து பார்க்கும்போது உங்கள் காலுக்குத் தெரியும்.

இந்தப் பாடம் எனக்குக் காணொளியில் கிடைத்ததில்லை. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். முன்னால் ஒரு கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி. ஏழு பேர் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்புவதற்குள் பாய்கள் சுருண்டு மூலையில் நின்றுவிடும். துணி கொடியில் இருக்கும். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் உறி தொங்கும். தகர டிரங்குப் பெட்டிக்குள் நல்ல துணியும் பிறப்புப் பத்திரமும் இருக்கும். அதன் மேல்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன், விருந்தாளி வந்தால் அதுவே நாற்காலி. தம்பி உறங்கியது உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில். அவன் எழுந்ததும் சேலையைச் சுருட்டி மேலே செருகிவிடுவார்கள். தொட்டில் இருந்த சுவடே தெரியாது.

தொங்கவிட்டது, சுருட்டியது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது. பகலில் தரை முழுக்கப் பிள்ளைகளுக்கு. இன்று மடக்கு மேசைக்கும் சுவர்க் கட்டிலுக்கும் நாம் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். வறுமையை நான் பெருமையாகப் பேசவில்லை. மழை பெய்தால் ஒழுகிய வீடு அது. ஆனாலும் இடமில்லாத வீட்டில் வாழும் கலை உங்கள் அம்மாவின் தலைமுறைக்குத் தெரியும். அவரைச் சுமையாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள், அவரிடம் கேட்டுத் திட்டம் போடுங்கள். எந்தப் பொருளை வாங்குமுன்னும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: காலை எட்டு மணிக்கு இது தரையை விட்டு எழுந்துகொள்ளுமா? எழாத பொருள்கள் மூன்று நான்குக்கு மேல் போகக் கூடாது.

அந்த மூன்று நான்கில் முதலாவது அம்மாவின் கட்டில். அறையை அவருக்குக் கொடுங்கள். முட்டி வலிக்காரருக்குத் தரையும் ஆகாது, ஏணி வைத்த மேல்கட்டிலும் ஆகாது. மெத்தையோடு சேர்த்து ஒன்றரை அடி உயரம், நாற்காலி போல உட்கார்ந்து எழும்படி இருக்கட்டும். இங்கே கடைகளில் சூப்பர் சிங்கிள் என்று விற்பது 42 அங்குல அகலம், 75 அங்குல நீளம். ஒருவருக்கு அது தாராளம். மெத்தையைத் தூக்கினால் அடியில் பெட்டிபோல் இடம் இருக்கும் கட்டிலையே நான் சொல்வேன். டிராயர் கட்டிலுக்குப் பக்கவாட்டில் இரண்டடி இடம் சும்மா கிடக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: தூக்குவதற்குப் பலம் வேண்டும். அம்மாவுக்குத் தினமும் தேவைப்படுகிற எதையும் அதனுள் வைக்காதீர்கள்.

நீங்கள் கூடத்தில் படுக்கலாம். சோபா கட்டில் வேண்டாம். மடிப்பு சரியாக இடுப்புக்குக் கீழே வரும். வேலை முடிந்து களைத்து வந்து இரவு இரவாக இழுக்க வேண்டும். சில மாதத்தில் அது விரித்தபடியே கிடக்கும், கூடம் போய்விடும். மூன்றாக மடியும் மெத்தை வாங்குங்கள். 75 அங்குலம் மூன்றாக மடிந்தால் 25 அங்குலம், மேலே ஒரு துப்பட்டியைப் போட்டால் இருக்கை. தரையோடு ஒட்டிக் கிடந்தால் மெத்தையின் அடி ஈரம் பிடித்துக் கறுக்கும். எழுந்ததும் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மடியுங்கள்.

ஈரத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டிலிருந்து பேசுகிறார்கள். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஜாலான் ஈப்போ பக்கம் குடியிருந்தபோது மலிவாகக் கிடைக்கிறதே என்று மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஓர் உடுப்பு அலமாரி வாங்கினேன். குளியலறைச் சுவரை ஒட்டி வைத்திருந்தோம். ஒரு வருடத்துக்குள் அடிப்பலகை ஊறி உப்பி, கதவு சாத்த முடியாமல் போனது. உள்ளே இருந்த என் திருமணச் சேலையில் பூசணம். விளிம்பு அடைத்த பிளைவுட்டோ இரும்பு அலமாரியோ வாங்குங்கள். அதற்குக் கால் இருக்க வேண்டும், சுவருக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் காற்றோட்டம் வேண்டும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பிளாஸ்டிக் பைகள் கம்பளிக்கும் தலையணைக்கும் நல்லவை. பட்டுச் சேலையை அதில் போடாதீர்கள், மடிப்பில் சரிகை முறியும். பழைய வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சி அடியில் தண்ணீர் சேரும் சிறு டப்பாக்கள் பேரங்காடியில் கிடைக்கும். அலமாரிக்கு ஒன்று வையுங்கள்.

சமையலுக்கு வருவோம். கேஸ் இல்லையென்றால் இண்டக்‌ஷன் அடுப்புதான். சாமானைக் கட்டுமுன் சுங்கை சிப்புட்டிலேயே ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாதது அந்த அடுப்பில் சூடாகாது. வெறும் அலுமினியமும் பித்தளையும் ஒட்டாது. எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. இந்தச் சோதனையிலேயே பாதிச் சாமான் தானாகப் பிரிந்துவிடும், அம்மாவோடு வாதாட வேண்டியிருக்காது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பாத்திரம், ஒரு குக்கர், இட்லித் தட்டு, ஒரு தோசைக்கல் இருந்தால் இரண்டு பேருக்குப் போதும்.

மளிகைக்குச் சதுர டப்பா. வட்ட டப்பாவைச் சதுர இடத்தில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூலைகளிலேயே வீணாகும். அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அது அப்படியே வரட்டும். அரிசி 10 கிலோ வேண்டாம், 5 கிலோ வாங்குங்கள். கீழே மளிகைக் கடை இருந்தால் அதுவே உங்கள் ஸ்டோர் ரூம். துணி துவைக்க முன்பக்கம் திறக்கும் இயந்திரம் வாங்கினால் அது மேடைக்கு அடியில் போய்விடும். பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம், 85 உயரம். குழாய்க்கும் பின்னால் இடம் விட்டு அளந்துகொள்ளுங்கள்.

சிறிய வீட்டில் பிளக் குறைவு, அதனால் நீட்டிப்பு வயர் முளைக்கும். நம் 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது சுமார் 3,000 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் இழுக்கும். அதே வயரில் சுடுதண்ணீர் கெட்டிலையும் போட்டால் அளவு தாண்டிவிடும். வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். அடுப்புக்குச் சுவர்ப் பிளக் தனியாக வேண்டும். இது விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்லை. இடம் போதவில்லை என்று வாசலுக்கு வெளியே நடைவழியில் அலமாரி வைக்கும் பழக்கமும் வேண்டாம். 12ஆவது மாடியில் புகை சூழ்ந்தால் முட்டி வலிக்கிற அம்மா ஓட வேண்டிய வழி அது.

இனி அம்மாவின் பொருள்கள். ஓராண்டு தொடாததைத் தூக்கிப் போடு என்று சொல்கிறார்கள். நம் வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. முறுக்கு உரலைத் தீபாவளிக்குத்தான் எடுப்போம். அப்பாவின் கடைசிச் சட்டையை யாருமே தொடமாட்டோம். அதற்காக அவை குப்பையா? எத்தனை பொருள் என்று அம்மாவுக்கு எண்ணிக்கை சொல்லாதீர்கள். இடத்தைக் காட்டுங்கள்: "இந்த அலமாரியில் இரண்டு தட்டு, கட்டிலுக்கு அடியில் பாதி, இது உங்களுடையது, என்ன வைப்பீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்." அந்த அளவுக்குள் எது வரும், எது வராது என்று அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தால் அது பறிப்பு.

பித்தளையை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். குத்துவிளக்கு திருகு போட்டது. கழற்றினால் அடி, தண்டு, தட்டு, மேல்குமிழ் என்று தனித்தனியாகத் துணியில் சுற்றி ஒரு சிறு பெட்டியில் அடங்கும். சாமி மேடையைச் சுவரில் தட்டு அடித்துக் கண்ணுக்கு நேராக வையுங்கள், கீழே தரை மிச்சம். பெரிய அண்டாவைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாம். அதில் சோறு வேகும் நாளில் அம்மாவை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கண்ணாடி அலமாரி வராது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குள் இருப்பவை வரலாம். அரையடி ஆழத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சுவர்ப் பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் பட்டமளிப்புப் படமும் அப்பா வாங்கிய கோப்பைகளும் அதில் நிற்கும். தச்சரிடம் ஆணி அடிக்குமுன் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய கட்டடங்களில் இடைச்சுவர் சில உள்ளே பொள்ளலாக இருக்கும், பாரம் தாங்காது.

தீபாவளிக்கு ஆட்கள் வருவார்களே என்று பெரிய சோபா வாங்க நினைக்கலாம். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கும் பிளாஸ்டிக் முக்காலி பத்து, இரண்டு பாய். மற்ற 364 நாளும் முக்காலிகள் ஒரே கோபுரமாக மூலையில் நிற்கும்.

ஆட்டுக்கல்லை 12ஆவது மாடிக்கு ஏற்ற முடியாது. ஏற்றினாலும் அதில் அரைக்கும் அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர் போதும். ஆனாலும் கல்லை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் தோட்டம் கைமாறி நாங்கள் கோலாலம்பூருக்கு வந்தபோது அப்பத்தாவின் அம்மிக்கல் லோரியில் ஏறவில்லை. "என் அம்மிய யாரு வச்சிருக்கா?" என்று சாகும்வரை கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உங்கள் சொந்தத்தில் தரைவீட்டில் இருக்கும் ஒருவருக்கு, சித்தியோ மாமாவோ, அந்தக் கல்லைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தத் தீபாவளிக்கு அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள். முட்டி வலிக்காமல் உட்கார ஒரு முக்காலியும் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
அக்கா