மருத்துவச்சியின் கைக்கு ஓர் எல்லை வேண்டும்

கேள்வி: நான் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. இரண்டு அரசுகள் மோதிக்கொள்ளும் ஒரு கற்பனை உலகத்தில், எல்லையோரச் சிற்றூரில் வாழும் மருத்துவச்சிதான் கதாநாயகி. அவள் தொட்டால் காயம் ஆறிவிடும். கணவன் போருக்குப் போய்விட்டான். ஏழு வயது மகள் மட்டும் உடன் இருக்கிறாள். ஒன்பதாவது அத்தியாயத்தில் எதிரி வீரன் ஒருவனை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறாள். படித்துப் பார்த்த தோழி, “இவள் தெய்வம் மாதிரி இருக்கிறாள், இவளுக்காக எனக்குப் பயமே வரவில்லை” என்கிறாள். மாய சக்தியை எடுத்துவிடலாமா? குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு தாய் எதிரியை வைத்திருப்பாள் என்பதை வாசகர்கள் நம்புவார்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னது சரிதான். ஆனால் அதற்காக மாய சக்தியை வெட்டி எறிய வேண்டியதில்லை. நீங்கள் இணைத்து அனுப்பிய அத்தியாயங்களில் முதல் நான்கில் அவள் ஒருவர் பின் ஒருவராகத் தொடுகிறாள், எல்லோரும் எழுந்து நடக்கிறார்கள். அவளுக்கு ஆகும் செலவு கொஞ்சம் களைப்பு மட்டுமே. அதுவும் ஓர் இரவு உறக்கத்தில் தீர்ந்துவிடுகிறது. எவரையும் கைவிட வேண்டிய நிலை அவளுக்கு வரவே இல்லை. போர்க்காலத்தில் மருத்துவம் பார்ப்பவர்களை வதைப்பது, யாரை முதலில் பார்ப்பது, யாரைப் பார்க்காமலே விடுவது என்ற கணக்குத்தான். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவியையும் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்பதையும் பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து வரிசை வகுத்ததற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். அந்தக் கணக்கைப் போட வேண்டியவள் ஒரு தாயாகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் நாவலின் கரு என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நீங்கள் இன்னும் தொடவில்லை.

எனவே சக்தி இருக்கட்டும், அதற்கு ஓர் எல்லை வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று உயிர் என்பது போன்ற எண்ணிக்கையை வைக்காதீர்கள். வாசகர்கள் அதை விளையாட்டு விதிபோல விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவள் கை சதையை மூடட்டும். உள்ளே கிடப்பதைச் சுத்தப்படுத்தும் ஆற்றல் மட்டும் அதற்கு இல்லாமல் இருக்கட்டும். ஆழமாகப் பாய்ந்த காயத்தை மேலே மூடிவிட்டால், உள்ளே தங்கிய துணித்துணுக்கும் மண்ணும் சீழ் பிடித்து, அந்தச் சீழ் வெளியேற வழியில்லாமல் ஆள் சில நாள்களில் இறந்துபோகக்கூடும். 1403ஆம் ஆண்டு ஷ்ரூஸ்பரி போரில், பின்னாளில் ஐந்தாம் ஹென்றி என்ற பெயரில் இங்கிலாந்தின் அரசனான பதினாறு வயது இளவரசனின் முகத்தில் அம்பு பாய்ந்தது. தண்டு கழன்று வந்துவிட்டது. இரும்பு முனை ஏறத்தாழ ஆறு அங்குல ஆழத்தில் எலும்பிலேயே தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் காயத்தை மூட அவசரப்படவில்லை. துணி சுற்றிய சிறு குச்சிகளை ரோஜாத் தேனில் தோய்த்து உள்ளே செலுத்தி, அவற்றின் பருமனைப் படிப்படியாகக் கூட்டிக் காயத்தின் வாயை இன்னும் அகலமாக்கினார். பிறகு இதற்கென்றே தான் வடிவமைத்த திருகு இடுக்கியால் முனையைப் பற்றி, மெல்ல அசைத்து வெளியே எடுத்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது நாள்கள், உள்ளே வைக்கும் திரியின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, காயம் அடியிலிருந்து மேல்நோக்கி ஆறும்படி பார்த்துக்கொண்டார்.

இப்போது உங்கள் மருத்துவச்சியை அந்த இருபது நாள்களுக்குள் நிறுத்திப் பாருங்கள். தொட்டால் மூடிவிடும், அலறல் அந்த நொடியே அடங்கிவிடும், சுற்றி நிற்பவர்கள் அவளைத் தொடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஆனால் இரும்பு உள்ளே இருக்கும்வரை தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். இளவயதில் யாரையோ இரக்கப்பட்டு அவசரமாக மூடிவிட்டு, பத்தாம் நாள் அவனைப் புதைத்தும் இருக்கலாம். கையை நீட்டாமல் அடக்கி வைத்திருப்பதே அவளுடைய மிகக் கடினமான வேலையாக மாறும்போது, அவள் தெய்வமாகத் தெரிய மாட்டாள். அவளுடைய வரத்தைவிட அவள் கற்ற தொழில் பெரியதாகத் தெரியும்.

அந்தக் காத்திருப்பை எழுத நமக்கு வெளியே தேட வேண்டியதுகூட இல்லை. புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் புண்பட்டவனைக் காக்கும் பெண் தன் தோழியை அழைக்கிறாள். இரவ மரத்தின் இலையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுகிறார்கள். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறு கடுகு தூவப்படுகிறது. மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகிறார்கள். குணமாக்கும் அற்புதம் எதுவும் அங்கே நடப்பதில்லை. காவல் இருப்பது மட்டும்தான் நடக்கிறது, ஆனாலும் பாடல் பதறுகிறது.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உங்கள் உலகத்துச் செடிகளுக்கு நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள், அழகாகவே இருக்கின்றன. ஒன்று மட்டும். அவை எல்லாமே நல்லவையாக இருக்கின்றன. வலியை அடக்கும் அபினி அளவு கூடினால் மூச்சை அடக்கும். பேறுகாலத்து இரத்தப்போக்கை நிறுத்தப் பயன்பட்ட, ரை (rye) போன்ற தானியங்களில் வளரும் எர்காட் பூஞ்சை, உணவில் கலந்துவிட்டால் ஊரையே நோயில் தள்ளும். வில்லியம் விதரிங் 1785இல் வெளியிட்ட ஆய்வால் இதய மருந்தாக அறியப்பட்ட டிஜிட்டாலிஸ் செடி, குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே மிகக் குறைந்த தூரமே கொண்டது. நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருவர், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு வைத்திருந்த, இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த குடும்ப மருந்திலிருந்துதான் அந்தச் செடியை விதரிங் கண்டெடுத்தார். (அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது; மூதாட்டியின் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை. உங்கள் நாவல் யாருடைய பக்கம் நிற்கிறது என்பதை முடிவு செய்ய இது உதவலாம்.) ஆகவே அவளுடைய பரணில் இருக்கும் ஒவ்வொரு குடுவையும் ஒரு குழந்தையின் கைக்கு எட்டக்கூடிய நஞ்சும்கூட. வீரர்களுக்கென்று அவள் எண்ணி எண்ணிச் சேமித்து வைத்திருக்கும் வலி மருந்தில் ஒரு துளியை, பசியில் அழும் கைக்குழந்தையைத் தூங்க வைக்கக் கேட்டு, படை தேடும் இரவில் பக்கத்து வீட்டுத் தாய் வந்து நின்றால் உங்கள் கதாநாயகி என்ன சொல்வாள்? அந்தக் காட்சியில் மாயம் எதுவும் தேவைப்படாது.

இனி மகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நாவலின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சிறுமி முதல் அத்தியாயத்தில் தூங்குகிறாள், இரண்டாவதில் பொம்மையைத் தேடுகிறாள், நான்காவதில் மறுபடியும் தூங்குகிறாள். மருத்துவச்சி வீட்டில் வளரும் ஏழு வயதுக் குழந்தை அப்படி இருக்காது. அவள் விளக்குப் பிடிப்பாள், தண்ணீர் சுமப்பாள், துணி கிழித்துக் கொடுப்பாள். யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

1030ஆம் ஆண்டில் நார்வேயில் நடந்த ஸ்டிக்லஸ்டாட் போரைப் பற்றி ஐஸ்லாந்தின் பழங்கதை ஒன்று ஒரு மருத்துவச்சியைக் காட்டுகிறது. அவள் வெங்காய இனத்துத் தாளையும் மூலிகைகளையும் கல்சட்டியில் காய்ச்சிக் காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கிறாள். சற்று நேரம் கழித்துக் காயத்தருகே அந்த வாசனை வந்தால், ஆயுதம் குடல்வரை போய்விட்டது என்று பொருள். அந்தக் காலத்தில் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்து, போர்க்கால மருத்துவத்தின் கொடுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் காட்சி இல்லை. உங்கள் உலகத்திலும் இப்படி ஒரு சோதனையை அமைத்து, கஞ்சிக் கிண்ணத்தை மகளின் கையில் கொடுங்கள். குனிந்து முகர்ந்து பார்க்கும் தாய் முகத்தை மாற்றாமல் அடுத்தவனிடம் நகர்கிறாள். குழந்தையோ, “அம்மா, இந்த மாமாகிட்ட கஞ்சி வாசனை வருது” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறாள். படுத்திருப்பவனுக்கும் அதன் பொருள் தெரியும். அதன்பிறகு தாய் யாரிடம் பேச வேண்டும், இறக்கப்போகிறவனிடமா, மகளிடமா? இந்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டால் உங்கள் தோழிக்குப் பயம் வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நோயையும் நீங்கள் முழுக்க மறந்துவிட்டீர்கள். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ஆயுதத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த வீரர்களே பல மடங்கு அதிகம். பழைய போர்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. டைஃபஸ் காய்ச்சலைப் பேன்கள் பரப்புகின்றன என்பதை ஷார்ல் நிகோல் 1909இல்தான் நிறுவினார். பிரசவித்த தாய்மார்களின் காய்ச்சல் பிணவறையிலிருந்து நேரே வரும் மருத்துவர்களின் கைகள் வழியாகவே பரவுகிறது என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டுகொண்டது 1847இல். உங்கள் மருத்துவச்சிக்கு இந்தக் காரணங்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல்காரர்களின் கொட்டகைக்குப் போய்வந்த வீடுகளில் குழந்தைகள் படுக்கிறார்கள் என்பதை அவள் கவனித்திருப்பாள். கவனித்தபின், மாலையில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் மகளைத் தடுத்து நிறுத்துவாள். காரணம் புரியாத மகள் அதை வெறுப்பாகவே எடுத்துக்கொள்வாள். ஊரையே தொட்டுக் குணப்படுத்தும் கை சொந்தக் குழந்தையைத் தொட அஞ்சுவதை நீங்கள் பல அத்தியாயங்களுக்கு நீட்டலாம். அவளுடைய சக்தி காய்ச்சலுக்குப் பலிக்காது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், இந்த அச்சம் நாவலின் கடைசிப் பக்கம்வரை நிற்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நம்புவார்கள், ஆனால் நீங்கள் இப்போது எழுதியிருக்கும் காரணத்துக்காக நம்ப மாட்டார்கள். “எந்த உயிரும் உயிர்தானே” என்று அவள் ஒரு வரி சொல்கிறாள், உடனே கதவைத் திறக்கிறாள். இது உலகத்தில் நடக்காதது என்று சொல்லவில்லை. 1859 ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோவில் நடந்த போருக்குப் பின், அருகிலிருந்த காஸ்திலியோனே ஊரின் பெண்கள் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பாராமல் ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அதை நேரில் கண்ட ஹென்றி துனான் எழுதியதிலிருந்துதான் செஞ்சிலுவை இயக்கமும் 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. ஆனால் அந்த உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவைப் படித்தால், அதை எழுதியவர்கள் மனிதர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பது தெரியும். காயம்பட்ட வீரனை ஏற்றுப் பராமரிக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. அப்படி ஏற்றவர் வீட்டில் படையினரைத் தங்க வைக்கக் கூடாது. போர் வரியிலும் ஒரு பகுதி தள்ளுபடி. இரக்கத்தோடு ஒரு கணக்கையும் அவர்கள் சேர்த்தே வைத்தார்கள்.

உங்கள் தாய்க்கும் ஒரு கணக்கு இருக்கட்டும். ஒருவேளை எதிரிப் படை ஊருக்குள் வந்தால் இவன் ஒருவன் தன் மகளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பான் என்று அவள் நினைத்திருக்கலாம். அல்லது தன் கணவன் எங்கோ இப்படிக் கிடந்தால் அங்கே ஒருத்தி கதவைத் திறக்க வேண்டும் என்ற பண்டமாற்று அவள் மனத்தில் ஓடியிருக்கலாம். பின்னதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஊராருக்கும் அவரவர் கணக்கு உண்டு: நேற்றுவரை அவளிடம் பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள், தங்கள் மகனுக்குக் கிடைக்காத மருந்து எதிரிக்குக் கிடைத்ததைக் கண்டுபிடிக்கும்போது என்ன செய்வார்கள் என்பதை உங்கள் ஒன்பதாவது அத்தியாயம் கேட்கவே இல்லை. எதிரி வீரன் கண் விழித்து மனம் திருந்துவதற்கு நீங்கள் செலவிட்ட ஆறு பக்கங்களில் ஐந்தை அந்த ஊராருக்குக் கொடுக்கலாம். மனம் திருந்தும் வீரனை வாசகர்கள் ஏராளமாகப் பார்த்துவிட்டார்கள்.

மகளைக் கொன்றுவிடாதீர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கடிதத்தின் கடைசியில் அப்படி ஒரு முடிவை யோசிப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தாய்க்கு ஆத்திரம் மூட்டுவதற்காகக் குழந்தையைச் சாகடிப்பது எழுதுபவருக்கு எளிது. ஆனால் அந்தச் சிறுமிக்கும் அதே சக்தி கையில் அரும்பத் தொடங்குகிறது, அதைப் படைத்தலைவர்கள் கேள்விப்படுகிறார்கள் என்று வைத்தால், குணப்படுத்தும் வரத்தையே மறைத்துப் பொய் சொல்ல வேண்டியவளாகத் தாய் மாறுவாள்.

நான்காவது அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள். ஒன்பதாவதைக் கடைசியாக எழுதுங்கள். அந்த எதிரி வீரன் பிழைப்பானா என்பதை அதுவரை முடிவு செய்யாமலே வைத்திருங்கள். அவன் உடலில் இரும்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.