மாட் ஆர்கனைசர் 2-இல் (மாட்களை, அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்புகளை, நிர்வகிக்கும் மென்பொருள்) டிக் போட்டும் ஸ்கைரிம் கேமில் மாட் தெரியவில்லை, ஏன்?

கேமை ஸ்டீமிலிருந்து நேராகத் திறந்திருப்பீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். இந்த மேனேஜர் மாட் கோப்புகளை கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் காப்பி செய்வதில்லை. தன் மாட்ஸ் ஃபோல்டரிலேயே வைத்துக்கொண்டு, தன் வழியாகத் திறக்கும் கேமுக்கு மட்டும் அவை டேட்டாவில் இருப்பதுபோலக் காட்டும். அதனால் வலது பக்கம் மேலே உள்ள 'ரன்' பட்டனை அழுத்தித்தான் விளையாட வேண்டும். டேட்டா ஃபோல்டர் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

எஸ்கேஎஸ்இ (பல மாட்களுக்குத் தேவைப்படும் 'ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்') மட்டும் வேறு மாதிரி. அதன் லோடரையும் (அதோடு சேர்த்து கேமைத் திறக்கும் எக்ஸ்இ) டிஎல்எல் கோப்பையும் கேமின் எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிட்டு, ரன் பட்டியலில் லோடரைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே கோப்பை இரண்டு மாட் மாற்றினால், இடது பட்டியலில் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். கேம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருந்தால் விண்டோஸ் குறுக்கிடலாம். முதலிலேயே வேறு இடத்தில் ஸ்டீம் லைப்ரரி உருவாக்கி அங்கே நகர்த்திவிடுங்கள்.