பையனை மாத்திடுவாங்களா?

கேள்வி: ஆண்கள் மேலதான் ஈர்ப்புன்னு பையன் சொன்னதுலேர்ந்து அவன் அப்பா அவன்கிட்ட பேசறதே இல்ல. குடும்ப தெரபிக்குப் போனா அவனை மாத்திடுவாங்களா?

பதில்: மாத்த முடியாதும்மா, மாத்தறேன்னு யாராவது சொன்னா உடனே எழுந்து வந்துடுங்க. இது நோயே இல்ல, உலக சுகாதார நிறுவனம் 1990லயே நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. நல்ல தெரபிஸ்ட் பெரும்பாலும் முதல்ல தனித்தனியா பேசுவாங்க, ஏன்னா அப்பாவோட கோபத்துக்கு அடியில நிறைய பயம் இருக்கும், அதைப் பையன் எதிர்ல கொட்டினா அவன் உடைஞ்சுடுவான். அப்புறம் ஒண்ணா உட்கார வெச்சு, 'நீ சொன்னது எனக்கு இப்படிப் புரிஞ்சுது'ன்னு ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரைத் திருப்பிச் சொல்ல வைப்பாங்க, கேட்க சின்ன விஷயம்தான், பேச்சே நின்னுபோன வீட்ல அந்த ஒரு வரி வர்றதுக்குள்ள கண்ணு கலங்கிடும். அவன் உங்களை நம்பிச் சொல்லியிருக்கான். இன்னிக்கு ராத்திரி அவன் ரூம் கதவைத் தட்டி, சாப்ட்டியாடான்னு கேளுங்க.