வாட்ச் காட்டும் ஸ்ட்ரெஸ் எண்ணை நம்பலாமா? மூச்சுப் பயிற்சி பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நோய்நொடி எதுவும் இல்லாதவர், வேலை நெருக்கடி, பயிற்சி செய்ததும் வாட்சில் எண் இறங்குகிறது, அது நிஜமா என்ற சந்தேகம். உங்கள் நிலை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாட்ச் உங்கள் மனதை அளப்பதில்லை. பெரும்பாலும், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்றுதான் கணக்கிடுகிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஆறு முறை என்று மெதுவாக மூச்சு விட்டாலே இந்த மாறுபாடு கூடிவிடும். மாறுபாடு கூடினால் ஸ்ட்ரெஸ் குறைந்ததாக வாட்ச் காட்டும். எனவே பயிற்சியின் நடுவே எண் இறங்குவது எதற்கும் சாட்சி இல்லை.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஓர் ஆய்வகத்தில் சில காலம் உதவியாளராக இருந்தேன். ஒருவருக்கு வேண்டுமென்றே ஸ்ட்ரெஸ் வரவழைத்து அளக்கும் ட்ரியர் சோதனையை, 1993-ல் வெளியானது, அங்கே நடத்தினோம். ஆரோக்கியமான ஒருவரை ஒரு குழுவின் முன் நிறுத்தி, வேலை நேர்காணல் போலப் பேசச் சொல்வோம். பிறகு 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடி 1022. அந்தக் குழுவில் முகத்தில் சலனமே காட்டாமல் உட்கார்ந்திருப்பது என் வேலை. தலையாட்டக் கூடாது, புன்னகைக்கக் கூடாது. எதிரே நிற்பவரின் குரல் நடுங்கும்போது அது எவ்வளவு கடினம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதை ஒழுங்காகச் செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அடுத்து உமிழ்நீர் எடுப்போம், உடனே ஒரு முறையும் பிறகு இடைவெளி விட்டும். நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் அதில் உச்சத்துக்குப் போக இருபது, முப்பது நிமிடம் ஆகும். "எனக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று தாளில் எழுதியவருக்கு அது எகிறியிருக்கும். பதறிவிட்டேன் என்றவருக்கு அசைந்திருக்காது. இருவரும் பொய் சொல்லவில்லை. உடம்பும் மனமும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை.

பிறகு நான் சேர்ந்த அலுவலகத்தில் இரண்டு நாள் ஸ்ட்ரெஸ் பயிற்சி வைத்தார்கள். உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 1983-ல் வெளியிட்ட, ஸ்ட்ரெஸை அளக்கும் கேள்வித்தாளை முன்பு ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை நிரப்பச் சொன்னார்கள். அந்தத் தாள் கேட்பதோ கடந்த ஒரு மாதத்தைப் பற்றி! முதல் முறை ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. இரண்டாம் முறை அது முடிந்துவிட்டது. போதாததற்கு மேலே பணியாளர் எண் வேறு. மேலாளர் பார்க்கும் தாளில் யார் உண்மையை எழுதுவார்கள்? பயிற்சிக்குப் போகாத ஒரு குழுவோடு ஒப்பிட வேண்டாமா என்று கேட்டேன். எதிர்மறையாகப் பேசுகிறேன் என்றார்கள். அந்தப் பணத்தில் காலியாகக் கிடந்த இடத்துக்கு ஓர் ஆளை எடுத்திருந்தால் எங்கள் பாதிச் சுமை இறங்கியிருக்கும்.

"எனக்குப் பலன் கிடைத்ததே" என்று வருபவர்களுக்கு: நான் மூச்சுப் பயிற்சிக்கு எதிரி இல்லை, தினமும் செய்கிறேன். ஆனால் மிக மோசமான வாரத்தில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். சும்மா இருந்தாலும் அடுத்த வாரம் சற்றுத் தணிந்திருக்கும்.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் எழுந்ததும், காபிக்கு முன், ஒரே நாற்காலியில், இயல்பான மூச்சில் அளந்து எழுதுங்கள். முதல் சில வாரம் பயிற்சியே வேண்டாம். பிறகு அதே அளவு காலம் பயிற்சியோடு. இரண்டு சராசரிகளையும் தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.