லாஸ்ட் ஹிட் ஏன் தவறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற மோபா விளையாட்டுகளில் (இரு அணிகள் ஆளுக்கொரு ஹீரோவோடு மோதும் இணைய ஆட்டங்கள்) கைத்திறனை வளர்ப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஹீரோக்களின் எண்கள் பேட்சுக்குப் பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) மாறக்கூடியவை. கீழே உள்ள கணக்குகளைப் போடும் விதத்தைப் பிடித்துக்கொண்டால், எண் மாறும்போது நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: டோட்டா 2-இல் மிட் லேன் (நடுப்பாதை) ஆடுகிறேன். 10 நிமிடத்தில் லாஸ்ட் ஹிட் (எதிரிக் கிரீப்பைக் கொல்லும் கடைசி அடி) 30-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. புது மவுஸ் வாங்கியும் பலன் இல்லை. (வாசகர், திருப்பூர்)

மவுஸ் மேல் குற்றமில்லை. முதலில் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். 30 விநாடிக்கு ஒரு அலை கிரீப்கள் (லேனில் தானாக நடந்து வரும் சிறு படைவீரர்கள்). அலைக்கு 3 மெலீ கிரீப் (கிட்டே நின்று அடிப்பவை), 1 ரேஞ்ச் கிரீப் (தள்ளி நின்று அடிப்பது). ஆக முதல் 10 நிமிடத்தில் ஒரு லேனுக்கு ஏறத்தாழ 80 எதிரிக் கிரீப்கள் வருகின்றன. அதில் 50 கைவிட்டுப் போகிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் தாமதமாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரு அடிக்குள் மூன்று வேலை இருக்கிறது: ஹீரோ திரும்புவது, கையை ஓங்குவது (இதைத்தான் அட்டாக் பாயின்ட் என்கிறோம்), எறிந்தது போய்ச் சேர்வது. கிரிஸ்டல் மெய்டன் என்ற ஹீரோ எறிவது விநாடிக்கு 900 அலகு வேகத்தில் போகும். 500 அலகு தள்ளி நின்றால் அது போய்ச் சேரவே அரை விநாடிக்கு மேல் ஆகிவிடும். கை ஓங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு விநாடி. ஸ்னைப்பருக்கு அட்டாக் பாயின்ட் 0.17 விநாடி, தோட்டா வேகம் 3000. அதே தூரத்தில் இரண்டும் சேர்ந்து 0.34 விநாடிதான்.

இப்போது கிரீப் பக்கம் வாருங்கள். மெலீ கிரீப்புக்கு ஆரம்பத்தில் 550 உயிர். உங்கள் பக்க மெலீ கிரீப்கள் மூன்றும் ஒன்றையே அடித்தால் விநாடிக்கு 55 அளவில் இறங்கும். மெய்டனின் அடி 45 வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் 45-க்கு வரட்டும் என்று காத்திருந்தால் கிரீப் உங்கள் அடி வருமுன்பே செத்துவிடும். 100 இருக்கும்போதே எறிய வேண்டும், அதாவது உயிர்ப் பட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. ஒரே ஒரு கிரீப்தான் அதை அடிக்கிறது என்றால் 60 போதும். ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டைப் பார்க்க வேண்டும்: பட்டையில் எவ்வளவு மிச்சம், எத்தனை பேர் அதை அடிக்கிறார்கள். இரண்டாவதைப் பார்க்காமல் விடுவதால்தான் முக்கால்வாசிப் பேருக்குத் தவறுகிறது.

பயிற்சிக்கு எதிரி வேண்டாம். தனி லாபி (ஆட்ட அறை) திறந்து, ஒரே ஹீரோவை எடுத்து, பொருள் எதுவும் வாங்காமல் 10 நிமிடம் ஆடுங்கள். செட்டிங்கில் ஆட்டோ அட்டாக்கை 'நெவர்' என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சும்மா நிற்கும்போது ஹீரோ தானாக அடித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். முதல் சில நாள் லாஸ்ட் ஹிட் மட்டும். 10 நிமிடத்தில் 60 வரத் தொடங்கியதும் டினையைச் சேருங்கள்: உங்கள் கிரீப்பின் உயிர் பாதிக்குக் கீழே போனதும் அதை நீங்களே அடித்து முடிக்கலாம். அதன் பிறகு எதிரே ஒரு பாட் (கணினியே இயக்கும் எதிரி) நிறுத்துங்கள். எண் சட்டென்று விழும். அது இயல்புதான், கண் இப்போது மூன்று இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எஸ் விசையையும் பழகுங்கள். அடிக்கக் கட்டளை கொடுத்து, கை ஓங்கி முடியுமுன் எஸ் அழுத்தினால் அடி நின்றுவிடும். ஓங்குவது, நிறுத்துவது, மறுபடி ஓங்குவது என்று இருந்தால் சரியான கணம் வரும்போது ஹீரோ ஏற்கெனவே கிரீப் பக்கம் திரும்பியிருக்கும்; திரும்பும் நேரம் மிச்சம். நீங்கள் எப்போது அடிப்பீர்கள் என்று எதிராளியாலும் ஊகிக்க முடியாது.

கேள்வி: டோட்டாவில் இன்வோக்கர் என்ற ஹீரோவில் யூல் (எதிரியைக் காற்றில் தூக்கும் பொருள்) போட்டுச் சன் ஸ்ட்ரைக் (சற்றுத் தாமதித்து விழும் ஸ்பெல், அதாவது மந்திரம்) அடிக்கிறேன். ஒன்று முந்திவிடுகிறது, அல்லது பிந்திவிடுகிறது. ப்ரோக்கள் (தொழில்முறை ஆட்டக்காரர்கள்) மட்டும் எப்படித் தவறாமல் அடிக்கிறார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

அவர்கள் எண்ணுகிறார்கள். யூல் எதிரியை 2.5 விநாடி மேலே தூக்கி வைத்திருக்கும். சன் ஸ்ட்ரைக் விழ 1.7 விநாடி ஆகும். ஆகவே யூல் பட்டதிலிருந்து 0.8 விநாடி கழித்துச் சன் ஸ்ட்ரைக். கேயாஸ் மீட்டியர் என்ற இன்னொரு ஸ்பெல் தரையில் விழ 1.3 விநாடி ஆகும், ஆகவே அது 1.2 விநாடியில். அதாவது யூல், முக்கால் விநாடி இடைவெளி, சன் ஸ்ட்ரைக், அதன்பின் அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் மீட்டியர். வாயால் தாளம் போட்டுப் பழகினால் இரண்டு நாளில் கை பிடித்துக்கொள்ளும்.

சண்டைக்கு முன்பே இரண்டு ஸ்பெல்லும் இன்வோக் செய்யப்பட்டு (குவாஸ், வெக்ஸ், எக்சார்ட் என்ற உருண்டைகளில் மூன்றைச் சேர்த்து உருவாக்கப்பட்டு) கையில் இருக்க வேண்டும்: சன் ஸ்ட்ரைக்குக்கு மூன்று எக்சார்ட், மீட்டியருக்கு இரண்டு எக்சார்ட், ஒரு வெக்ஸ். யூல் போட்ட பிறகு உருண்டையைத் தேடினால் 0.8 விநாடி அதிலேயே கரைந்துவிடும். டெஃபனிங் பிளாஸ்ட் என்ற மூன்றாவது ஸ்பெல்லையும் சேர்க்க விரும்பினால், மீட்டியரை விட்ட பிறகு, எதிரி இன்னும் காற்றில் இருக்கும்போதே குவாஸ், வெக்ஸ், எக்சார்ட் போட்டு இன்வோக் செய்யுங்கள்.

சிறு தவறு செய்தே தீர வேண்டும் என்றால் பிந்தியே செய்யுங்கள். மேலே இருக்கும் எதிரிக்கு எந்த அடியும் படாது, ஆகவே 0.1 விநாடி முந்தினாலும் சேதம் சுழியம். 0.2 விநாடி பிந்தினால், 300 வேகத்தில் ஓடுபவர் 60 அலகுதான் நகர்ந்திருப்பார். சன் ஸ்ட்ரைக்கின் ஆரம் 175. நடுவில் குறிவைத்திருந்தால் பட்டே தீரும்.

இன்னொன்று, பலருக்குப் புலப்படாதது. திரையில் எதிரி மேலே எழும்புவதைப் பார்த்து எண்ணத் தொடங்கினால் உங்கள் பிங் (கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) முழுவதும் தாமதமாகச் சேரும். யூல் விசையை அழுத்திய கணத்திலிருந்து எண்ணுங்கள். எதிரி எட்டும் தூரத்தில் இருந்தால் இரண்டு கட்டளையும் ஒரே தாமதத்தோடு சர்வருக்குப் போகும்; இடைவெளி அப்படியே இருக்கும். ஹீரோ டெமோ என்ற பயிற்சித் தளத்தில் எதிரி ஒருவரை நிறுத்தி, ஃப்ரீ ஸ்பெல்ஸை (காத்திராமல் ஸ்பெல் போடும் வசதி) திறந்துவிட்டு, 20 முறை செய்து எத்தனை பட்டது என்று குறித்து வையுங்கள். 20-க்கு 15 வருமுன் ரேங்க் ஆட்டத்தில் இதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: குவிக் காஸ்ட் வைக்கலாமா? (வாசகி, மதுரை)

வைக்கலாம். விசையை அழுத்தியதும் கர்சர் இருக்கும் இடத்தில் ஸ்பெல் போய்விடும். கிளிக் ஒன்று மிச்சம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஒரு வாரம் ஸ்பெல்களைத் தரையில் கொட்டுவீர்கள். எதிரி மேல் நேரடியாகப் போடும் ஸ்டன் (எதிரியை அசையவிடாத ஸ்பெல்) ஒன்றை முதலில் மாற்றுங்கள். பரப்பைக் குறிவைக்கும் ஸ்பெல்களுக்கு வட்டம் தெரிவது பயன்படும், அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். டோட்டாவில் ஒவ்வொரு ஹீரோவுக்கும் தனி விசை அமைப்பு வைக்க முடியும், ஆகவே நீங்கள் அதிகம் ஆடும் ஹீரோவிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஏடிசி (தள்ளி நின்று தொடர்ந்து அடிப்பவர்) ஆடுகிறேன். பின்வாங்கிக்கொண்டே அடிக்க முயன்றால் அடியே விழுவதில்லை. (வாசகர், சிங்கப்பூர்)

நகரும் கிளிக்கை முந்திக் கொடுக்கிறீர்கள். அம்பு வில்லைவிட்டுப் போகுமுன் நகரச் சொன்னால் அந்த அடி ரத்தாகிவிடும். பார்ப்பதற்கு வேகமாக ஆடுவதுபோல இருக்கும், சேதம் மட்டும் வராது. அம்பு கிளம்பிய பிறகு அடுத்த அடிவரை உள்ள நேரம்தான் நடப்பதற்கு உரியது.

அட்டாக் ஸ்பீட் (விநாடிக்கு எத்தனை அடி) 0.65 என்றால் அடிக்கு அடி 1.5 விநாடி இடைவெளி, தாராளமாக நடக்கலாம். 1.5-க்கு ஏறிவிட்டால் இடைவெளி 0.67 விநாடி. ஆட்டத் தொடக்கத்தில் பழகிய தாளம் 25-ஆம் நிமிடத்தில் பொருந்தாமல் போவதும் இதனால்தான். ஒவ்வொரு அட்டாக் ஸ்பீட் பொருள் வாங்கியதும் தாளம் மாறுகிறது.

பிராக்டிஸ் டூலில் டம்மி (அடி வாங்கும் பொம்மை) ஒன்றை வைத்து, பொருள் இல்லாமல் ஐந்து நிமிடம், ஒரு பொருளோடு ஐந்து நிமிடம், மூன்று பொருளோடு ஐந்து நிமிடம். பத்துக் கட்டளை கொடுத்தால் பத்துச் சேத எண் மேலே வர வேண்டும். எட்டுதான் வந்தது என்றால் நகரும் கிளிக்கைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அட்டாக் மூவ் கிளிக்கை (நகரும் வழியில் எதிரி இருந்தால் அடிக்கும் கட்டளை) எட்டும் விசையில் வையுங்கள். ரைட் கிளிக் குறி தவறினால் எதிரியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவீர்கள், அட்டாக் மூவில் அந்த ஆபத்து குறைவு. நகரும் கிளிக்கும் ஹீரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். திரையின் ஓரத்துக்குப் போய்க் கிளிக் செய்துவிட்டுத் திரும்பி வர மவுஸுக்கு நேரம் போதாது.

டோட்டாவிலிருந்து வந்தவர் என்றால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே ஹீரோ திரும்ப நேரம் எடுக்கும், அதனால் அடிக்கொரு முறை பின்வாங்குவது அவ்வளவு லாபமில்லை. லீகில் அந்தத் தடை இல்லை.

கேள்வி: வயது 34. கல்லூரிப் பையன்களின் வேகம் எனக்கு வராது என்று விட்டுவிடலாமா? (வாசகர், சேலம்)

வேண்டாம். கண்ணால் பார்த்து விரலை அழுத்த இளைஞர்களுக்கும் 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். உங்களுக்குச் சில பத்து மில்லிவிநாடி கூடலாம். ஆட்டத்தில் பெரும்பாலான உயிர்கள் போவது அந்த இடைவெளியில் அல்ல.

டோட்டாவின் எர்த்ஷேக்கர் என்ற ஹீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஷர் என்ற ஸ்பெல்லைப் போட அவருக்கு ஓங்கும் நேரம் 0.69 விநாடி. கவனித்துக்கொண்டிருந்தால் உங்களால் தப்ப முடியும். ஆனால் பிளிங்க் (சட்டென்று தாவ உதவும் பொருள்) அடித்து எக்கோ ஸ்லாம் என்ற ஸ்பெல்லைப் போட்டால் ஓங்கும் நேரமே கிடையாது. எந்தப் பதினெட்டு வயதுக்காரராலும் அதைப் பார்த்துத் தடுக்க முடியாது. பிளிங்க் டேகர் 1200 அலகு தூக்கிப்போடும். அவர் மினிமேப்பில் (திரை ஓரத்தில் உள்ள சிறு வரைபடம்) தெரியாதபோது கூட்டமாக நிற்காமல் இருப்பதுதான் ஒரே வழி. இதற்கு வேண்டியது மூன்று நான்கு விநாடிக்கு ஒரு முறை மினிமேப்பைப் பார்க்கும் பழக்கம். லாஸ்ட் ஹிட் அடித்ததும் ஒரு பார்வை என்று கோத்துவிடுங்கள். தனியாக நினைவு வைக்கத் தேவையில்லை.

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து, நீங்கள் செத்த ஒவ்வொரு இடத்துக்கும் பத்து விநாடி முன்னே போய்ப் பாருங்கள். எதிரியில் யார் மேப்பில் தெரியவில்லை, உங்கள் கேமரா அப்போது எங்கே இருந்தது? கை தாமதித்ததால் நேர்ந்தவை எத்தனை, பார்க்காததால் நேர்ந்தவை எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். முதல் பட்டியல் சிறியதாகவே இருக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் கேமிங் மவுஸும் வாங்கினால் முன்னேற்றம் வருமா? (வாசகர், கோவை)

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி நிற்கும், 144-இல் 6.9. ஓடும் ஹீரோவைக் கண் தெளிவாகப் பின்தொடரும். அது உண்மையான வசதி. ஆனால் டோட்டா சர்வரே விநாடிக்கு 30 முறைதான் கணக்குப் போடுகிறது. வீட்டில் வைஃபை மூலம் ஆடி, பிங் 40-இலிருந்து 120-க்குத் தாவிக்கொண்டிருந்தால், முதலில் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுங்கள். பிங் சற்று அதிகமாக இருந்தாலும் ஒரே அளவில் நின்றால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். தாவும் பிங்குக்குப் பழகவே முடியாது.

மவுஸில் 800 டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு எத்தனை புள்ளி) என்றால் 1920 புள்ளி அகலத் திரையைக் கடக்க 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 1600 என்றால் 3 சென்டிமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றில் நின்று, ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரே தூரத்தை வேகமாக இழுத்தால் ஒரு இடத்திலும் மெதுவாக இழுத்தால் வேறு இடத்திலும் கர்சர் போய் நிற்கும்.

கேள்வி: மொபைல் லெஜண்ட்ஸில் நான் குறிவைத்தவரை விட்டு வேறு யாரையோ ஸ்கில் அடிக்கிறது. (வாசகி, ஈப்போ)

பட்டனைச் சும்மா தட்டினால் விளையாட்டே ஆளைத் தேர்ந்தெடுக்கும். யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது செட்டிங்கில் இருக்கிறது: கிட்டே இருப்பவர், உயிர் குறைந்தவர், உயிர் சதவீதம் குறைந்தவர். மார்க்ஸ்மேன் (தள்ளி நின்று அடிப்பவர்) ஆடினால் பெரும்பாலும் கிட்டே இருப்பவரே பாதுகாப்பு. நேர்கோட்டில் போகும் ஸ்கில்களைத் தட்டாமல் இழுத்துக் குறிவையுங்கள். மனம் மாறினால் விரலை ரத்துப் பட்டனுக்குக் கொண்டுபோய் விடுங்கள். மினியனுக்கும் (கிரீப் போன்ற சிறு படைவீரர்) டவருக்கும் தனிப் பட்டன் தரும் அட்வான்ஸ்டு கண்ட்ரோலுக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி செய்யலாம்? இப்போதெல்லாம் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. (வாசகர், தஞ்சாவூர்)

தனிப்பயிற்சிக்கு 20 நிமிடம் போதும், ரேங்க் ஆட்டத்துக்கு முன்பே செய்யுங்கள், ஆடிக் களைத்த பிறகு அல்ல. ஒரு நாளைக்கு ஒன்றுதான்: இன்று லாஸ்ட் ஹிட், நாளை காம்போ (அடுத்தடுத்துப் போடும் ஸ்பெல்கள்).

விரல் மரப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்துகிறதா என்று பாருங்கள். நாற்காலியை உயர்த்தி, முழங்கை ஏறத்தாழ 90 பாகையில் இருக்கும்படி, முன்கை முழுவதும் மேசையில் படிய வையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் என்றால் பெரும்பாலும் முழங்கைப் பக்கம். எந்த விரல்கள், எந்த நேரத்தில் என்று குறித்துக்கொண்டு எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ரேங்க் ஆட்டத்தை நிறுத்திவைத்து, ரீப்ளே மட்டும் பாருங்கள்.